இரவல் தாளம்

தில்லியின் இண்டியன் ஓஷன் குழு 2000-இல் வெளியிட்ட ‘கந்தீஸா’ இசைத்தொகுப்பில் கிட்டார் இருக்கிறது, பேஸ் கிட்டார் இருக்கிறது, டிரம்ஸும் இருக்கிறது. ராக் குழுவுக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் இருந்தும், ராக் இசைக்கே உரிய அந்தக் கனம் மட்டும் இல்லை. கிட்டார் எங்கும் உறுமுவதில்லை. சுரங்கள் தனித்தனியாக, ராகத்தின் நகர்வை நினைவூட்டியபடி வருகின்றன. டிரம்ஸ் ஓரடி பின்னால் நிற்க, முன்னால் கேட்பது தபலா. அந்தத் தபலாவை வாசித்துக்கொண்டே பாடுகிறவர் அஸீம் சக்ரவர்த்தி. மேடையில் ராக் பாடகர்கள் குதித்தோடிய காலத்தில் இவர் உட்கார்ந்தே பாடினார்.

ராக் குழு ஒன்று இப்படித் தன் எடையைக் குறைத்துக்கொள்ளும்போது, அதை விளக்க நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. வேர்களுக்குத் திரும்பிவிட்டார்கள் என்பது ஒன்று. சந்தைக்கு வளைந்துவிட்டார்கள் என்பது மற்றொன்று. முதலாவது பாராட்டு, இரண்டாவது வசை. இண்டியன் ஓஷன் விஷயத்தில் இரண்டுமே பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன், இதே மாதிரியான திருப்பம் பத்தாண்டுக்கு முன்னால் நடந்த இன்னொரு நகரத்தைப் பார்த்துவிட வேண்டும்.

பிரேசிலில் 1964-இல் தொடங்கிய ராணுவ ஆட்சி 1985-இல் முடிவுக்கு வந்தது. அந்த மாற்றத்தின் விளிம்பில், 1984-இல், சாவோ பாலோ நகரில் ஃபெலினி என்ற குழு உருவானது. பாடலாசிரியரும் பாடகருமான கடாவோ வோல்பாட்டோ, அதே நகரின் வேறு போஸ்ட்-பங்க் குழுக்களில் வாசித்துப் பழகிய தோமஸ் பாப்போன், இவர்களோடு ஜயிர் மார்கோஸ், ரிகார்டோ சல்வாஞி. இத்தாலிய இயக்குநரின் பெயரைக் குழுவுக்குச் சூட்டி, முதல் தொகுப்புக்கே ‘ஃபெலினியின் பிரியாவிடை’ என்று தலைப்பு வைத்தார்கள். அதை 1985-இல் வெளியிட்டது பராட்டோஸ் அஃபின்ஸ் என்ற இசைத்தட்டுக் கடை. பெரிய நிறுவனங்கள் தொடாத குழுக்களையெல்லாம் அந்தக் கடைக்காரர் லூயிஸ் கலாங்கா தன் சொந்த லேபிளில் பதிவுசெய்து வந்தார். முதல் தொகுப்பு பிரிட்டிஷ் போஸ்ட்-பங்கின் பிள்ளை: முன்னால் நடக்கும் பேஸ், வறண்ட கிட்டார், இறுக்கமான குரல்.

அடுத்த ஆண்டு வந்த இரண்டாவது தொகுப்பை வோல்பாட்டோவும் பாப்போனும் இருவராகவே, வீட்டில், நான்கு தடப் பதிவுக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு முடித்தார்கள். டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை, தாள இயந்திரம்தான். நான்கே தடங்கள் என்றால் ஒலியை அடுக்கடுக்காகக் கட்ட முடியாது. ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். குரல் தாழ்ந்தது, கிட்டார் இளைத்தது, நடுவில் இடம் கிடைத்தது. அந்த இடத்துக்குள்தான் சம்பா வந்தது. 1987-இல் வந்த தொகுப்பிலும் 1990-இன் ‘அமோர் லோகோ’விலும் அது குழுவின் இயல்பான நடையாகவே ஆகிவிட்டது. பலரும் இதைச் சாந்தமடைதல் என்று வாசிப்பார்கள். எனக்கு அது வேலைமுறையின் விளைவாகத் தெரிகிறது. வீட்டுக்குள் உட்கார்ந்து இரண்டு பேர் சத்தமில்லாமல் பதிவு செய்யும்போது, கத்துவதற்கான காரணம் தானாகவே போய்விடுகிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. சம்பா, சாவோ பாலோவின் சொத்தாக எண்ணப்பட்டதே இல்லை. அது பாஹியாவிலிருந்து வந்த கறுப்பின மக்களோடு ரியோ டி ஜெனிரோவில் வளர்ந்தது. சாவோ பாலோ தொழிற்சாலைகளின் ஊர், இத்தாலியர்களும் ஜப்பானியர்களும் வட கிழக்கு பிரேசில்காரர்களும் பிழைக்க வந்த ஊர். கவிஞர் வினிசியஸ் டி மொராயிஸ் அதைச் சம்பாவின் கல்லறை என்று பழித்ததாக ஒரு பேச்சு இன்றும் அங்கே உண்டு. ஆனாலும் அந்த ஊருக்கென்று ஒரு சம்பாக்காரர் இருந்தார்: அடோனிரான் பார்போசா, இத்தாலியக் குடியேறிகளின் மகன், கொச்சைப் பேச்சில் நகரத்து ஏழைகளின் கதையைப் பாடியவர். ஃபெலினியின் இளைஞர்கள் சம்பாவைத் தொட்டபோது அவர்கள் தாய்வீட்டுக்குப் போகவில்லை. இங்கிலாந்திலிருந்து கற்ற காதை வைத்துக்கொண்டு பக்கத்து ஊர்த் தாளத்தைக் கற்றார்கள்.

தில்லிக்கு வருவோம்.

1990-களின் தொடக்கத்தில் தில்லியில் ராக் என்றால் அது கல்லூரி விழாக்களில் நடப்பது. ஆங்கிலத்தில் பாட வேண்டும், டீப் பர்பிளையோ லெட் செப்பலினையோ அச்சு அசலாக வாசிக்க வேண்டும்; அதுதான் மதிப்பெண். சொந்தப் பாட்டு பாடுகிற குழுக்களுக்கு இடம் தேடி, 1993-இல் அலகாபாத்திலிருந்து அமித் சைகல் ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1997-இல் அவரே ‘கிரேட் இண்டியன் ராக்’ விழாவையும் ஆரம்பித்தார். 1991-இல் தோன்றிய பரிக்ரமா ஆங்கில ராக்கிலேயே உறுதியாக நின்று பேர் வாங்கியது. இந்தச் சூழலில் 1990-இல் கிட்டார் கலைஞர் சுஸ்மித் சென்னும் அஸீம் சக்ரவர்த்தியும் சேர்ந்து தொடங்கியதுதான் இண்டியன் ஓஷன். 1991-இல் பேஸ் வாசிக்க ராகுல் ராம் வந்தார். 1993-இல் எச்எம்வி முதல் தொகுப்பை வெளியிட்டது. 1994-இல் டிரம்ஸ் வாசிக்க அமித் கிலாம் சேர்ந்த பிறகு நால்வர் அணி நிலைத்தது.

இவர்களின் ஒலி எப்படி அமைந்தது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். என் வாதம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ராக் டிரம்ஸில் நாலு தட்டு கொண்ட சுழற்சியின் இரண்டாவதிலும் நான்காவதிலும் ஸ்னேர் அடி விழும். அந்த அடி ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரே எடையில் விழுவதுதான் அதன் சக்தி. சம்பாவில் சுர்தோ என்ற பெரிய பறை இரண்டு தட்டில் இரண்டாவதை அழுத்தும்; முதல் தட்டு லேசாகிவிடும். அதனால் பாட்டு முன்னால் சாய்ந்தபடி நடக்கிறது. தபலாவின் ஏற்பாடு இன்னும் நுட்பமானது. எட்டு மாத்திரைக் கெஹர்வாவை எடுத்துக்கொண்டால் முதல் பாதியில் இடக்கைப் பாயாவின் ஆழ்ந்த ஒலி இருக்கும். ஐந்தாம் மாத்திரையில் காலி தொடங்கியதும் அந்த ஆழம் விலகி, வலக்கையின் கூர்மையான ஒலி மட்டும் நிற்கும். பிறகு ஆழம் திரும்பி வரும். கனமும் லேசும் மாறிமாறி வருவது அங்கே தாளத்தின் இலக்கணத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. சமத்திலிருந்து அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளி எடுப்பு அமைந்த கீர்த்தனைகளைக் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு, முதல் தட்டில் அடிக்காமலேயே முதல் தட்டை உணரவைக்கும் இந்த வித்தை புதிதல்ல.

இப்படிப்பட்ட ஒரு கருவி குழுவின் நடுவில் உட்கார்ந்ததும் மற்றக் கருவிகள் எல்லாம் ஒதுங்க வேண்டியிருக்கிறது. டிஸ்டார்ஷன் ஏற்றிய கிட்டார் காலியின் இடத்தை அடைத்துவிடும். பாயாவின் மேல் உள்ளங்கையின் அடிப்பாகத்தை அழுத்தி இழுக்கும்போது எழுகிற அந்த வளைந்த ஒலி யார் காதிலும் விழாது. ஆகவே சுஸ்மித் சென்னின் கிட்டார் உறுமலை விட்டது. அமித் கிலாம் டிரம்ஸின் கனத்தைக் குறைத்தார். பல இடங்களில் அதை விட்டுவிட்டு, வங்காளத்துப் பாவுல் பாடகர்கள் கக்கத்தில் இடுக்கி மீட்டும் கப்குபியை எடுத்துக்கொண்டார். ராகுல் ராமின் பேஸ், அடித்தளம் போடும் வேலையோடு மெட்டை முன்னெடுக்கும் வேலையையும் ஏற்றது. ராக் இசை கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் கொடுத்திருந்த எடையை இவர்கள் தூக்கி எறிந்துவிடவில்லை. அதைப் பாயாவுக்கும் பேஸுக்கும், நால்வரில் மூவர் சேர்ந்து பாடும் குரலுக்கும் பங்கிட்டார்கள்.

சிதாரை நாடி வந்த மேலை இசைக்காரர்கள் செய்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். 1966 ஜூலையில் மணிலாவிலிருந்து திரும்பும் வழியில் பீட்டில்ஸ் தில்லியில் இறங்கியபோது, கன்னாட் பிளேஸில் இருக்கும் ரிக்கி ராம் கடையில் ஜார்ஜ் ஹாரிசன் சிதார் வாங்கினார். ஹாரிசன் பின்னாளில் ரவிசங்கரிடம் உண்மையான மாணவராகவே இருந்தார். அவரை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் காலத்து ராக் பாடல்கள் பெரும்பாலானவற்றில் சிதார் ஒரு வண்ணமாகத்தான் வந்தது. அடியில் ஓடிய டிரம்ஸின் நடை மாறவில்லை. இண்டியன் ஓஷனில் மாறியது நடை.

இனி வேர் என்ற பதிலுக்கு வருகிறேன். இந்த நால்வரின் வேர் எது? சுஸ்மித் சென்னும் அஸீமும் வங்காளிகள். கிலாம் காஷ்மீரி. ராகுல் ராம், மைசூரிலிருந்து வந்து தில்லிப் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற தாவரவியல் பேராசிரியர் எச். ஒய். மோகன் ராமின் மகன்; கான்பூர் ஐஐடியில் படித்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பாடல்களோ இவர்கள் யாருடைய வீட்டிலிருந்தும் வந்தவை அல்ல. ‘கந்தீஸா’ கேரளத்துச் சிரியன் கிறித்தவர்கள் அரமேய மொழியில் பாடும் பழைய வழிபாட்டுப் பாடல். ‘மா ரேவா’ நர்மதைப் பள்ளத்தாக்கின் பாட்டு. ரேவா நர்மதைக்கு மறுபெயர். 1990-களின் முதல் பாதியில் நர்மதை அணையை எதிர்த்த நர்மதை பச்சாவ் ஆந்தோலன் இயக்கத்தில் ஈடுபட்டிருந்த காலத்தில் ராகுல் ராம் அந்தப் பாட்டை அங்கே கேட்டுப் பெற்றார். ‘ஹில்லே லே’ போஜ்புரிக் கவிஞர் கோரக் பாண்டேயின் பாடலிலிருந்து பிறந்தது. அவர் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 1989-இல் மறைந்தார். 2003-இன் ‘ஜீனி’ கபீரிடமிருந்து வந்தது. மலையாளக் கரை, நர்மதைக் கரை, போஜ்புரி வயல், காசியின் தறி. இவற்றில் எதுவும் இந்த நால்வருக்கு ‘நம்ம ஊர்’ அல்ல.

அவர்கள் பழகிய இடமும் இதைச் சொல்கிறது. கரோல் பாகில், கஜூர் ரோடு, 16/330 என்ற எண்ணுள்ள பழைய பங்களா. 2010-இல் வந்த தொகுப்புக்கு அந்த முகவரியையே பெயராக வைத்து, மாதம் ஒரு பாட்டாக இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். தமிழர்களுக்குக் கரோல் பாகைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மத்திய அரசு உத்தியோகத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் இரண்டு தலைமுறையாக அங்கே குடியிருந்தன. பிரிவினையில் வந்த பஞ்சாபிகள் கடை வைத்தார்கள். ஆதவனின் ‘காகித மலர்கள்’ படித்தவர்களுக்கு அந்தத் தில்லி தெரியும்: வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, அலுவலகத்தில் ஆங்கிலம், எதிலும் முழுசாகக் கால் ஊன்றாத இளைஞர்கள். சாவோ பாலோவைப் போல இதுவும் வந்தவர்களின் ஊர்.

தில்லிக்கென்று தாளம் இல்லையா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தபலாவின் மிகப் பழைய கராணா, அதாவது வாசிப்புப் பரம்பரை, தில்லி கராணா. பதினெட்டாம் நூற்றாண்டில் சித்தார் கான் வழியே தொடங்கியதாக மரபு சொல்கிறது. ஆள்காட்டி விரலும் நடுவிரலுமாக இரண்டே விரலில், தோலின் விளிம்பில் வாசிக்கிற சன்னமான பாணி அது. கையை விரித்து அறையும் பாணிகளெல்லாம் பின்னால் கிழக்கே போன கராணாக்களில் வளர்ந்தவை. லேசான வாசிப்பு வேண்டுமென்றால் பழைய தில்லியிலேயே இருந்தது. நிஜாமுதீன் தர்காவில் கவ்வாலி என்றும் நிற்கவில்லை. ஆனால் புதுக் காலனிகளில் ஆங்கிலப் பள்ளிக்குப் போய், வானொலியிலும் கேசட்டிலும் ராக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஜமா மஸ்ஜித் பக்கத்துச் சந்துகளின் அந்த மரபு வெகுதூரத்தில் இருந்தது. அஸீமும் எந்தக் கராணாவின் வாரிசாகவும் அறியப்பட்டவர் அல்ல. அவர் தபலாவை ராக் குழுவுக்குத் தேவையானபடி வளைத்துக்கொண்டவர்.

அதனால்தான் இது திரும்பிப் போவது அல்ல என்கிறேன். தெரிந்த ஒன்றுக்குத்தான் திரும்ப முடியும். தெரியாத ஒன்றிடம் போய்க் கற்கத்தான் வேண்டும். கற்றது வாசிப்பிலும் தெரியும். ‘கந்தீஸா’வை இவர்கள் தேவாலயத்தில் பாடுவதுபோலப் பாட முயலவில்லை. புரியாத மொழியின் உச்சரிப்பை நிதானமாக, ஒவ்வொரு அசைக்கும் இடம் கொடுத்துப் பாடுகிறார்கள். அந்த நிதானத்தில் ஒரு மரியாதை கேட்கிறது.

சந்தை என்ற பதிலை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 1990-களின் நடுவில் சானல் வி, எம்டிவி வந்த பிறகு இந்திப் பாப் பெரிய வியாபாரமாயிற்று. 1995-இல் அலிஷா சினாயின் ‘மேட் இன் இந்தியா’, 1996-இல் லக்கி அலியும், நம் ஹரிஹரன் லெஸ்லி லூயிஸுடன் சேர்ந்த கொலோனியல் கஸின்ஸும். மருத்துவர் பலாஷ் சென் 1988-இல் தில்லியில் தொடங்கிய யூஃபோரியா, ஆங்கில ராக்கிலிருந்து நகர்ந்து 1998-இல் ‘தூம்’ தொகுப்போடு இந்திக்கு வந்து நாடெங்கும் புகழ் பெற்றது. அதே ஆண்டு சில்க் ரூட்டின் ‘பூந்தேன்’ வந்தது. அதில் பாடிய மோஹித் சௌஹான் பின்னர் இந்தித் திரையுலகின் பெரிய குரலானார். இந்தப் பாடல்கள் நல்ல பாடல்கள், அவற்றின் இனிமையை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அங்கே மாறியது மொழியும் மெட்டும். குழுவின் உள்ளமைப்பு, அதாவது யார் முன்னால், யார் ஒதுங்குவது, அடி எங்கே விழுவது என்ற ஏற்பாடு, பெரிதாக மாறவில்லை. இண்டியன் ஓஷனின் மாற்றமோ இந்த அலைக்கு முன்பே, அது வரும் என்று யாரும் எதிர்பாராதபோதே தொடங்கிவிட்டது.

லேசானபோது கோபம் போய்விட்டதா என்பது இன்னொரு கேள்வி. போஸ்ட்-பங்கின் ரசிகர்கள் ஃபெலினியைப் பற்றி இப்படித்தான் கவலைப்பட்டிருப்பார்கள். தில்லியில் நேர்மாறாக நடந்தது. 1989 புத்தாண்டு நாளில் தில்லிக்கு அருகே சாஹிபாபாதில் தெருநாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார் சஃப்தர் ஹாஷ்மி. அவர் நினைவாக சஹ்மத் அமைப்பு நடத்திய நிகழ்ச்சியில் பாடிய பதிவுதான் இண்டியன் ஓஷனின் 1997 தொகுப்பான ‘டெசர்ட் ரெய்ன்’. மும்பைக் குண்டுவெடிப்பு பற்றிய அனுராக் காஷ்யபின் ‘பிளாக் ஃபிரைடே’ படத்துக்கு இவர்கள் இசையமைத்தபோது பியூஷ் மிஷ்ரா எழுதிய ‘பந்தே’ பாடல், கத்தாமலே மனத்தை அறுக்கிறது. படம் 2007 வரை வெளிவர முடியாமல் கிடந்தது. பாட்டு அதற்கு முன்பே ஊரெல்லாம் போயிற்று. கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து பாடக்கூடிய எளிய நடையில் இருந்ததால்தான் இயக்கப் பாடல்கள் இயக்கத்தில் உயிரோடு இருந்தன. அந்த நடையை எடுத்துக்கொண்டபோது கோபமும் கூடவே வந்தது.

ஆனாலும் இரவலுக்கு ஒரு கடன் உண்டு. ‘மா ரேவா’ உலக மேடைகளுக்குப் போனது. அந்தப் பாட்டு பிறந்த பள்ளத்தாக்கிலோ, சர்தார் சரோவர் அணை 138.68 மீட்டர் முழு உயரத்தில் 2017-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது; ஊர்கள் மூழ்கின. நதியைப் புகழும் பாட்டை ஆயிரம் பேர் ஆடிக்கொண்டே கேட்கும்போது, அந்தப் பாட்டைக் கொடுத்தவர்களின் வழக்கு என்னவாயிற்று என்பது பலருக்குத் தெரியாது. ராகுல் ராம் அதை மேடையில் பேசாதவர் அல்ல. இந்தக் குழுவின் மேல் பழி போடுவது நியாயமாகாது. ஆனால் தாளம் பயணிக்கும் வேகத்தில் அதன் சொந்தக்காரர்களால் பயணிக்க முடிவதில்லை என்பது இந்தக் கதையின் தீராத பகுதி. சாவோ பாலோவின் வெள்ளைத்தோல் இளைஞர்களுக்கும் சம்பாவைத் தந்த கறுப்பின மக்களுக்கும் இடையிலும் இதே கணக்கு நிலுவையில் இருக்கிறது.

அஸீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பர் 25 அன்று மறைந்தார். ஜெய்தீப் வர்மா எடுத்த ‘லீவிங் ஹோம்’ ஆவணப்படம் அடுத்த ஆண்டு திரைக்கு வந்து தேசிய விருதும் பெற்றது. அஸீம் வாசித்தபடி பாடும் காட்சிகள் அதில் இருக்கின்றன. அவர் இடத்துக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்: தபலாவுக்குத் துஹீன் சக்ரவர்த்தி, குரலுக்கு ஹிமான்ஷு ஜோஷி. ஒரே உடலில் பாட்டும் தாளமும் இருந்தபோது மூச்சு வாங்கும் இடத்தில் தபலாவும் மூச்சு வாங்கியது. பின்னர் வந்த பதிவுகளில் தபலா இன்னும் சுத்தமாக, இன்னும் வேகமாக இருக்கிறது. அந்தப் பழைய இணைவு குறைந்திருக்கிறது. 2013-இல் சுஸ்மித் சென்னும் விலகினார். 2014-இன் ‘தந்தானு’ தொகுப்பில் விருந்தினர்களை அழைத்தார்கள். அவர்களில் ஒருவர் கஞ்சிரா வி. செல்வகணேஷ். பிடித்திருக்கும் கையின் விரல்களால் தோலை அழுத்திக் கஞ்சிராவின் சுருதியை வளைப்பது, பாயாவை உள்ளங்கையால் இழுப்பதற்கு ஒன்றுவிட்ட தம்பி. அந்த உறவைக் கேட்கவாவது தமிழ் வாசகர் அந்தத் தொகுப்பைத் தேட வேண்டும்.

தில்லியின் அடுத்த தலைமுறை வேறு பக்கம் போயிருக்கிறது. சூர்யகாந்த் ஸாஹ்னியின் பீட்டர் கேட் ரெக்கார்டிங் கம்பெனி, 2019-இல் ‘பிஸ்மில்லா’, 2024-இல் ‘பீட்டா’ தொகுப்புகளில் ஊதுகருவிகளையும் டிஸ்கோவையும் பழைய இந்திப் படப்பாட்டின் மிதப்பையும் கலந்து ஆங்கிலத்தில் பாடுகிறது. லேசான இசைதான், அழகான இசைதான். ஆனால் அதன் லேசு இசைத்தட்டுகளிலிருந்து வந்தது. யாரிடமும் போய் உட்கார்ந்து கற்ற தடயம் அதில் எனக்குக் கேட்கவில்லை.

கடனைத் தீர்க்கும் முயற்சி என்று நான் எண்ணுவது சென்னையில் நடந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் 2018 ஜனவரியில் மேடையேற்றிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் கானாப் பாடகர்களும், சட்டியும் பறையும் கட்டமோளமும் வாசிப்பவர்களும் நடுவில் நின்றார்கள். அங்கே தாளம் அதன் சொந்தக்காரர்களிடமே இருந்தது. இரவல் வாங்கப்பட்டது ராக் கிட்டார்தான்.